வளைந்த கேசிங்கை வெளியே எடுத்த விதம்: ஊவாத் தோட்டக் குழாய்க் கிணறு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், 46 குடும்பங்களுக்குக் குடிநீர் கொடுத்துவந்த குழாய்க் கிணற்றின் இரும்புக் கேசிங்கை, அதாவது மண் சரிந்து துளையை மூடாதபடி உள்ளே இறக்கும் காப்புக் குழாயை, வெளியே எடுத்த வேலையை இங்கே பதிவு செய்கிறேன். நான் அத்தோட்டத் தொழிற்சாலையின் வேலைத்தளப் பொறுப்பாளன். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் எண்ணெய்க் கிணறுகளைப் பழுதுபார்க்கும் குழுவில் இருந்தவன். அங்கே கையாண்ட கருவியின் தத்துவத்தைச் சிறிய அளவில் இங்கே செய்து பார்த்தோம். எது பலித்தது, எங்கே தவறினோம் என்பதை இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கிணறு தோண்டி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. மேல்மண்ணும் உக்கிய பாறையும் சேர்ந்து 36 மீற்றர் ஆழம் வரை இருந்ததால் அதுவரை 168 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட இரும்புக் குழாயை இறக்கி, அதன் அடியைக் கடும்பாறையில் ஊன்றி, அதற்குக் கீழே பாறையை வெறுமனே துளைத்திருந்தார்கள். மலையகத்தின் அடிப்பாறை சார்னொக்கைட்டும் நைஸும் கலந்த மிகப் பழைய பாறை. அது ஒரே சீராக உக்குவதில்லை. களியாக மாறிப்போன பகுதிக்கு நடுவே உக்காத உருண்டைக் கற்கள் அப்படியே தங்கிவிடும். கிணறு தோண்டியவர்கள் எழுதிவைத்த மண்படைக் குறிப்பில் 19 முதல் 23 மீற்றர் வரை "களியும் பெருங்கல்லும்" என்றிருந்தது. இந்த ஒரு வரி பின்னால் எங்களுக்குப் பெரிதும் உதவியது.

பழுது இரண்டு விதமாகத் தெரியவந்தது. மழை பெய்த மறுநாளெல்லாம் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. பம்பைப் பழுதுபார்க்க மேலே எடுத்தபோது அதன் உடம்பில் ஒரு பக்கம் மட்டும் நெடுக உராய்ந்த கோடு இருந்தது. கயிற்றில் விளக்கும் சிறு கமராவும் கட்டி இறக்கினோம். 12 மீற்றரில் கேசிங் ஒரு பக்கமாக வளைந்திருந்ததும், அங்கிருந்த வெல்டிங் இணைப்பு கீறல்விட்டு அதன் வழியே சேறு கசிந்ததும் தெரிந்தன. வளைவில் உள்வழி 128 மில்லிமீற்றராகக் குறுகியிருந்தது. பழுதான கேசிங்குக்குள் சிறிய பி.வி.சி. குழாயை இறக்கி மூடிவிடுவதே எளிய வழி. ஆனால் 140 மில்லிமீற்றர் குழாய் அந்த வளைவைத் தாண்டாது. 110 மில்லிமீற்றர் குழாய் தாண்டும். அதற்குள் எங்கள் பம்பு போகாது. அருகில் வேறு கிணறு தோண்டலாம் என்றால், துளைக்கும் லொறி ஏறிவர வேண்டிய பாதையில் மதகு இடிந்து கிடந்தது. ஆகவே வளைந்த பகுதியை எடுத்தே ஆகவேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம்.

குழாய் ஏன் வளைந்தது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் கிணற்றுக்குக் கீழே போகும் ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். "இந்த மேட்டு மண்ணு வருசா வருசம் கீழ எறங்குது தம்பி. நான் சின்னப் பிள்ளையா இருக்கிறப்ப இந்தப் பாதை அந்த சவுக்கு மரத்துக்கு அங்கிட்டு இருந்துச்சு" என்றார். அவர் சொன்னது சரி. சரிவின் மேல்படை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர்கிறது, கீழ்ப்படை நகர்வதில்லை. இரண்டுக்கும் இடையில் நிற்கும் குழாய் வளைகிறது. சமவெளியில் கேசிங் எடுப்பவர்கள் இந்த நகர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே அடுத்து வந்த எல்லா முடிவுகளையும் அதுவே தீர்மானித்தது.

முதல் முயற்சி

நான் பொறுப்பேற்பதற்கு முன் வெளியிலிருந்து வந்த ஒரு குழுவினர் கிணற்றுக்கு மேல் முக்காலி நிறுத்தி, கேசிங்கின் வாயில் இரண்டு காதுகளை வெல்டிங் செய்து, 5 தொன் செயின் புளொக் கொண்டு இழுத்திருந்தார்கள். முக்காலியின் ஒரு கால் ஈரமண்ணில் புதைந்தது. பாரம் ஒரு காதின் பக்கம் சாய்ந்தது. துருப்பிடித்த குழாயின் ஓரத்தையும் கிழித்துக்கொண்டு அந்தக் காது பறந்தது. அந்தப் பக்கம் அப்போது யாரும் நிற்காததால் உயிர் தப்பியது. எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று காட்டும் கருவி எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. குழாய் எவ்வளவு தாங்கும் என்றும் யாரும் கணக்கிடவில்லை. இழுக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அளந்து இழுப்பவர்கள் குறைவு. அது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தருகிறது.

எண்ணெய்க் கிணற்றிலிருந்து பெற்ற தத்துவம்

1859ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியபோது, மேல்மண் சரிந்து துளையை மூடிக்கொண்டே இருந்ததால் 32 அடி நீள இரும்புக் குழாயைப் பாறை வரை அடித்து இறக்கி, அதற்குள்ளேயே துளைத்து, 69 அடி சொச்சத்தில் எண்ணெயைக் கண்டார். எங்கள் தோட்டத்துக் கேசிங் செய்யும் வேலையும் அதேதான். பின்னாளில் எண்ணெய்க் கிணறுகள் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழம் போயின. கேசிங்குக்கும் பாறைக்கும் இடையே சீமெந்துக் கூழ் செலுத்தி இறுக்கும் வழக்கமும் வந்தது. அத்தகைய கிணற்றைக் கைவிடும்போதோ, அதே வாயிலிருந்து வேறு திசையில் துளைக்க வேண்டியிருக்கும்போதோ கேசிங்கின் மேற்பகுதியை எடுக்கிறார்கள். சீமெந்து பிடித்த பகுதி வராது. ஆகவே பிடிப்பு எங்கே தொடங்குகிறது என்று முதலில் கண்டறிந்து, அதற்குச் சற்று மேலே உள்ளிருந்தே வெட்டி, வெட்டிய துண்டை உட்புறமாகக் கவ்வி இழுப்பார்கள்.

அந்தக் கவ்வும் கருவியை ஸ்பியர் என்பார்கள். நாங்கள் வேலைத்தளத்தில் அதை உட்கவ்வி என்று அழைத்தோம். அதன் நடுத்தண்டு கீழே போகப்போகப் பருக்கும். தண்டைச் சுற்றி வெளிப்புறம் பற்கள் வெட்டிய ஆப்புத் துண்டுகள் இருக்கும். குழாய்க்குள் இறக்கித் தண்டை மேலே இழுத்தால், பருத்த அடிப்பகுதி ஆப்புகளை வெளிநோக்கித் தள்ள, பற்கள் குழாயின் உட்சுவரைக் கடிக்கும். இழுக்க இழுக்கப் பிடி இறுகும். அதன் ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. நாங்கள் கடைந்த தண்டின் சாய்வு 8 பாகை. கிரீஸ் பூசிய உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், 20 தொன் இழுக்கும்போது குழாயின் சுவரை வெளிநோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 70 தொன் வரும். புதிய, தடித்த எண்ணெய்க் கிணற்றுக் கேசிங் அதைத் தாங்கும். 11 ஆண்டுகள் துருவேறிய எங்கள் குழாய் நெடுக்கே பிளந்துவிடும். ஆகவே பற்களை 250 மில்லிமீற்றர் நீளத்துக்குப் பரப்பினோம். எண்ணெய்க் கிணற்றில் செய்ய முடியாத ஒன்றையும் இங்கே செய்தோம்: கிணற்று வாயைச் சுற்றி 2 மீற்றர் ஆழக் குழி வெட்டி, மேலே இருந்த சீமெந்துக் கழுத்தை அலவாங்கால் உடைத்து அகற்றி, உட்கவ்வி பிடிக்கும் அதே மட்டத்தில் குழாயின் வெளிப்புறம் தடித்த இரும்புப் பட்டி போட்டுப் போல்ட்டால் இறுக்கினோம். குழியின் பக்கங்கள் சரியாதபடி பலகை அடித்து முட்டுக் கொடுத்த பிறகே ஆட்களை உள்ளே இறங்கவிட்டேன்.

நடுத்தண்டு, தொழிற்சாலையில் பட்டி கொண்டு இயந்திரங்களை ஓட்டிய காலத்துப் பழைய லைன் ஷாஃப்ட்டிலிருந்து கடைந்தது. ஆப்புத் துண்டுகள் லொறியின் வில்தகட்டில் வெட்டப்பட்டு, பற்கள் வெட்டிய பின் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கப்பட்டன. தண்டின் மேற்பகுதியில் 'ட' எழுத்தின் வடிவில் ஒரு காடி வெட்டியிருந்தோம். தண்டைக் கீழே தட்டி வலப்புறம் திருப்பினால் முளை அந்தக் காடியில் மாட்டிக்கொண்டு ஆப்புகளைச் சுருங்கிய நிலையிலேயே நிறுத்தும். கருவி பிடியை விட்டுவிடும். விடுவிக்கும் வழி இல்லாத உட்கவ்வியைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அது சிக்கினால் கருவியும் போகும், கிணறும் போகும்.

இழுப்பதற்கு 250 மில்லிமீற்றர் உயரமுள்ள எச் வடிவ உத்தரங்கள் இரண்டையும் 30 தொன் ஹைட்ரோலிக் ஜாக்கிகள் இரண்டையும் இரவல் வாங்கினோம். இரண்டு ஜாக்கிகளும் குழியின் இருபுறமும் தள்ளிப் போடப்பட்ட ரயில் சிலிப்பர் கட்டைகள்மேல் நின்றன. இரண்டுக்கும் ஒரே கைப்பம்பு, ஒரே அழுத்தமானி. அதனால் இரண்டும் சம பாரம் ஏற்றன. எத்தனை தொன் ஏறுகிறது என்பதும் ஒவ்வொரு கணமும் தெரிந்தது.

எவ்வளவு வரை இழுக்கலாம்? முழுத் தடிப்போடு இருந்தால் இந்தக் குழாய் 60 தொன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். மேலே வெட்டியெடுத்த துண்டில் துரு தின்றது போக மிஞ்சியது சில இடங்களில் 3 மில்லிமீற்றர்தான். அந்தத் தடிப்புக்கு 37 தொன். வெல்டிங் இணைப்புகளைப் பாதியளவே நம்பலாம் என்று கொண்டு 20 தொன்னை எல்லையாக வைத்தேன். குழுவில் சிலருக்கு இது கோழைத்தனமாகப் பட்டது. ஜாக்கியில் 60 தொன் இருக்கிறதே என்றார்கள். ஜாக்கியின் பலத்தைப் பார்த்து இழுத்தால் குழாய் அறுந்து கையோடு வரும். குழாயின் மிக நலிந்த இடம் எதைத் தாங்குமோ அதுவே எல்லை.

நீட்சி சொன்ன ஆழம்

இந்த வேலையில் என் மனம் மிகவும் ஈடுபட்டது இந்தக் கட்டத்தில்தான். இரும்புக் குழாயை இழுத்தால் அது ரப்பரைப் போலவே, ஆனால் மிகச் சிறிதளவு, நீளும். நீளும் அளவு இழுவிசைக்கும் சுயேச்சையாக இருக்கும் பகுதியின் நீளத்துக்கும் நேர்விகிதம். ஆகவே எத்தனை தொன்னுக்கு எத்தனை மில்லிமீற்றர் நீண்டது என்று அளந்தால், குழாய் எந்த ஆழத்தில் சிக்கியிருக்கிறது என்று மேலே நின்றபடியே சொல்லிவிடலாம். ஆயிரம் மீற்றர்களில் அளக்கப்படும் எண்ணெய்க் கிணற்றில் நீட்சி அடிக்கணக்கில் வரும். சோக்கட்டிக் கோடு போட்டே அளந்துவிடுவார்கள். எங்கள் 36 மீற்றர் குழாயில் வரப்போவது சில மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றர் தவறினால் ஆழக் கணக்கு ஒன்றே முக்கால் மீற்றர் தவறும்.

முதல் 5 தொன் மண்ணின் ஒட்டலையும் குழாயின் தளர்வையும் எடுத்துவிடட்டும் என்று விட்டு, 5 தொன்னுக்கும் 20 தொன்னுக்கும் இடையில் குழாய் எவ்வளவு எழுகிறது என்பதை மட்டும் கணக்கில் கொண்டோம். முதல் அளவு 11 மில்லிமீற்றர் என்று வந்தது. சூத்திரத்தில் போட்டால், கவ்விய இடத்திலிருந்து கீழே 38 மீற்றர் வரை குழாய் சுயேச்சையாக இருக்கிறது என்றாகிறது. ஆனால் கவ்விய இடத்துக்குக் கீழே மொத்தமாக இருந்ததே முப்பத்தைந்து மீற்றருக்கும் குறைவான குழாய். இல்லாத குழாய் எப்படி நீளும்? அரை மணி நேரம் குழம்பி நின்ற பிறகு பிழை பிடிபட்டது. அது என்னுடைய பிழைதான். அளவுக்கோடு போட்ட பலகையை ஜாக்கி நின்ற அதே சிலிப்பர் கட்டைகள்மேல் வைத்திருந்தேன். பாரம் ஏற ஏறக் கட்டைகள் மண்ணில் புதைந்தன. பலகையும் கூடவே இறங்கியது. குழாய் எழுந்த அளவோடு கட்டை புதைந்த அளவும் சேர்ந்து அளவாகிவிட்டது. கணக்கு 34 மீற்றர் என்று வந்திருந்தால் நான் அதை நம்பியிருப்பேன். குழாய் அடியில் மட்டும்தான் பிடித்திருக்கிறது என்று எண்ணி இழுத்துக்கொண்டே இருந்திருப்பேன். நடக்கவே முடியாத எண்ணாக வந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது.

பலகையை மூன்று மீற்றர் தள்ளித் தனி முளைகளில் நிறுத்தி மூன்று தடவை மறுபடி அளந்தோம். மூன்று தடவையும் 6 மில்லிமீற்றருக்கு அண்மையில் வந்தது. குழாயின் தடிப்பு முழுதாக இருந்தால் அது 21 மீற்றர், சற்றுத் தேய்ந்திருந்தால் 19. தரையிலிருந்து கவ்விய இடம் வரையுள்ள ஒன்றரை மீற்றரையும் கூட்டினால், குழாய் 20 முதல் 22 மீற்றருக்குள் எங்கோ சிக்கியிருக்கிறது. மண்படைக் குறிப்பில் "களியும் பெருங்கல்லும்" என்றிருந்த அதே இடம்! களி கரைந்தபோது கற்கள் இறங்கிக் குழாயை நெருக்கியிருக்க வேண்டும்.

வெளிப்புறமாகத் தண்ணீரைப் பாய்ச்சினால் களி இளகிக் குழாய் முழுதும் வந்துவிடும் என்று ஒரு யோசனை வந்தது. மற்ற இடங்களில் அது நல்ல வழிதான். நகர்ந்துகொண்டிருக்கும் சரிவில், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்கு மேலே, மண்ணுக்குள் தண்ணீர் செலுத்துவதை நான் அறவே மறுத்தேன். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண் இங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் நீர் புகுந்த பிறகு பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றியதையும் சுவர்கள் வெடித்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். நிலத்தடி நீரோடு விளையாடும் துணிவு எங்களில் யாருக்கும் இல்லை.

வெட்டும் இழுப்பும்

பிழைக்கு இடம்விட்டு 18 மீற்றரில் வெட்ட முடிவு செய்தோம். எண்ணெய்க் கிணற்றில் உள்ளிருந்து வெட்டும் கருவியின் கத்திகளைப் பம்பின் அழுத்தம் விரிக்கும். எங்கள் வெட்டியில், இறக்கிய தண்டின் பாரமே ஒரு கூம்பை அழுத்தி இரண்டு கத்திகளை விரித்தது. வெட்டியின் உடம்பு 114 மில்லிமீற்றர் என்பதால் வளைவைத் தாண்டியது. ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. குழாய்களை இணைத்து, மேலே நின்று கையால் சுழற்றினோம். அப்போது வெளிப்பட்டியில் 3 தொன் இழுவை வைத்திருந்ததால் வெட்டுவாய் கத்தியை நெரிக்கவில்லை. இரண்டு நாள்களில் மொத்தம் ஆறு மணி நேரம் எடுத்தது. சுழற்றும் கை சட்டென்று இலேசாகி, தண்டும் நாங்கள் முன்பே போட்டுவைத்த குறிவரை இறங்கியபோது, வெட்டு முழுமையானது என்று தெரிந்தது.

இழுப்பதற்கு முன் இன்னுமொரு வேலை இருந்தது. கேசிங் எழுந்ததும் மேல்மண் சரிந்து கிணற்றை நிரப்பும். ஆகவே சாக்குச் சுற்றிய மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி 25 மீற்றரில் இறுக்கி அடைத்து, அதன்மேல் 90 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயொன்றை வழிகாட்டியாக நிறுத்தினோம். அதன் தலை தரைக்கு 4 மீற்றர் கீழேயே நின்றதால் உட்கவ்விக்கு இடைஞ்சல் இல்லை.

ஆவணி மாதத்து உலர்ந்த காலைப்பொழுதில் இழுத்தோம். 4 தொன்னில் ஒரு முனகலோடு குழாய் விட்டுக்கொடுத்தது. பிறகு 2 தொன்னுக்கு இறங்கியது. வளைந்த பகுதி மண்ணை உரசிக்கொண்டு வந்தபோது மட்டும் 7 தொன் வரை ஏறியது. ஜாக்கியின் ஒரு வீச்சு 150 மில்லிமீற்றர்; நூற்றிருபது வீச்சுக்கு மேல் போட்டோம். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் வெளிப்புற ஆப்புகளால் குழாயைத் தாங்கிப் பிடித்து, ஜாக்கியைக் கீழிறக்கி, மறுபடி தொடங்க வேண்டும். 3 மீற்றர் வெளியே வந்ததும் வாயு வெட்டியால் அறுத்தோம். இரண்டாம் நாள் மாலையில் வெட்டுவாய் வெளியே வந்தது; சுற்றிவர ஒரே மட்டமாக, ஒரு விரற்கடை நீளம் மட்டும் கிழிந்திருந்தது.

புதிய 140 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய், வழிகாட்டிக் குழாயை உள்ளே விட்டபடி இறங்கியது. 9 மீற்றரில் சரிந்த மண்ணில் நின்றுவிட, பெய்லரால் (கயிற்றில் இறக்கும் குழாய் வாளியால்) மண்ணை அள்ளி, குழாயைக் கையால் திருப்பித் திருப்பி இறக்கினோம். கற்களிடையே சிக்கி நின்ற பழைய கேசிங்கின் அடிப்பாதிக்குள் அது நுழைந்தது; வழிகாட்டியையும் மரக்கட்டையையும் எடுத்ததும் பாறை வரை போனது. அந்த அடிப்பாதியை எடுக்க முயலவில்லை. அது நேராகவும் ஓட்டையின்றியும் இருந்தது. பிறகு தரைமட்டத்தை ஒட்டிய பகுதியை மட்டும் சீமெந்தால் மூடி, 12 மீற்றரைச் சுற்றி மணலும் சிறு சரளையும் நிரப்பினோம். அங்கே சீமெந்தால் இறுக்கியிருந்தால் அடுத்த நகர்வில் பி.வி.சி. குழாய் முறிந்துவிடும். மணல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

நான்கு நாள் தண்ணீர் கலங்கி வந்து, பிறகு தெளிந்தது. குளோரின் இட்டுக் கழுவியபின், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதிரி எடுத்துச் சென்று பரிசோதித்து, குடிக்கலாம் என்று அறிவித்த பிறகே லயங்களுக்குத் திறந்துவிட்டோம். அதுவரை பெண்கள் கீழ்ப்பீலிக்கு நடந்து குடம் சுமந்தார்கள். அந்த ஏழு வாரங்களின் சிரமம் இந்த வேலையின் செலவுக் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை.

மேல்மண் இன்னும் நகர்கிறது. கிணற்றுக்கு மேலும் கீழுமாக ஒரே கோட்டில் முளைகள் அடித்து வைத்திருக்கிறோம். மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோட்டை அளக்கிறோம். பம்பை எடுக்கும்போதெல்லாம் ஒரு மீற்றர் நீளமுள்ள 110 மில்லிமீற்றர் குழாய்த் துண்டைக் கயிற்றில் இறக்கி, 12 மீற்றரைத் தட்டாமல் தாண்டுகிறதா என்று பார்க்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மேல்முளைகள் 7 மில்லிமீற்றர் கீழே வந்திருந்தன. குழாய்த் துண்டு தட்டாமல் போனது.